கரைக்கொரு பிளக்

பிளக் உள்ளே போகவில்லை.

வயர்மேன் சின்னப்பராஜ் மூன்று முறை அழுத்திப் பார்த்தான். ரோசம்மா வீட்டுச் சுவரில் இருந்தது இரண்டு துளை. அவன் கையில் இருந்த பிளக்குக்கு மூன்று கால்.

"நல்லா அமுக்குப்பா. எங்க வூட்டு ரேடியோ இதுலதான் போவுது," என்றாள் ரோசம்மா.

"அக்கா, இது ரேடியோ இல்ல. கப்பல்!"

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஏது கப்பல் என்று யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய ஊர்தான். ஆனால் அங்கே மாதா திருவிழாத் தேரைக் கப்பல் வடிவத்தில்தான் செய்வார்கள். ஏன் என்று கேட்டால், "மொதல்லேருந்து அப்புடித்தான்" என்பார்கள். டிராக்டர் டிரெய்லரில் ஏறும் அந்த மரக்கப்பல், ஐந்து இடங்களில் நின்று, ஜெபம் முடிந்ததும் கோயிலுக்குத் திரும்பும். கப்பல் நிற்கும் இடத்துக்குக் கரை என்று பெயர்.

1985 வரை கப்பலுக்கு வெளிச்சம் கொடுத்தது அல்போன்ஸின் ஜெனரேட்டர். அது போட்ட சத்தத்தில் ஜெபமாலை மாதாவுக்கே கேட்டிருக்காது. புகையில் சாமியார் இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துபோனார். 1986-ல் அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்த வருஷம் அந்த மெஷின் கப்பல் பக்கமே வரக்கூடாது."

"நிக்கிற எடத்துல பக்கத்து வூட்டுலேருந்தே கரண்டு எடுத்துக்கலாங்க சாமி. நான் பாத்துக்கறேன்," என்று சின்னப்பராஜ் முந்திக்கொண்டான்.

அல்போன்ஸ், சின்னப்பராஜின் மனைவி ராஜமேரிக்கு அண்ணன். சுற்றுவட்டாரத்திலேயே பெரிய மைக் செட்டுக்குச் சொந்தக்காரன். சும்மா இருப்பானா?

"பல்பு எரியலன்னா என்னா மச்சான் பண்ணுவ?"

"எரியலன்னா மறுநாளே உன் மைக் செட்டுல ஒயர் சுத்தற வேலைக்கு வந்துடறேன்!"

கோயில் நிறைய ஜனம். எல்லோர் காதிலும் விழுந்தது. ராஜமேரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகுதான் அவன் ஐந்து இடங்களையும் போய்ப் பார்த்தான். ரோசம்மா வீட்டில் இரண்டு துளை. ராயம்மாள் வீட்டில் மூன்று துளை, ஆனால் ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் போகும். ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் வீட்டில் பல்பு ஹோல்டர் மட்டும். பச்சியப்பன் டீக்கடையில் அதுவும் இல்லை. இரண்டு ஒயரும் அவற்றைச் சுவரில் செருகி வைக்க இரண்டு தீக்குச்சியும். ஐந்தாவது, தீர்த்தகிரியின் பம்புசெட் கொட்டாய். மாதா தன் கொட்டாயில் நிற்காமல் போனால் அவர் சாப்பிடமாட்டார். அங்கே மோட்டாருக்கு வரும் பெரிய கரண்டை அப்படியே கொடுத்தால் பல்பெல்லாம் வெடித்துக் கப்பல் பறந்துவிடும்.

சின்னப்பராஜ் யோசித்தான். ஒரே ஒயரின் நுனியில் ஐந்து இடத்துக்கும் ஏற்ற ஐந்து வகைப் பிளக் தலையையும் கட்டினான். ரோசம்மா வீட்டில் சோதனை நடந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பிறகு பாடவில்லை.

"எம் பையன் பெங்களூர்லேருந்து வாங்கியாந்தது!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஊர்க்கூட்டம் கூடிவிட்டது. கூடியதுதான் கூடியது, எல்லாக் கரைக்கும் ஒரே பிளக் என்று பொதுவிதி போட்டுவிடலாம் என்றான் சின்னப்பராஜ்.

"போடு. எங்க வூட்டுதையே பொதுவா வெச்சுக்க," என்றாள் ராயம்மாள்.

"ஏன், டீக்கடைன்னா எளக்காரமா? தீக்குச்சி எல்லா எடத்துலயும் கெடைக்கும். அதைப் பொதுவா வைங்க," என்றார் பச்சியப்பன்.

வாத்தியார் எழுந்து ஹோல்டரின் மேன்மை குறித்து முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில் ஆளுக்கொரு புது மூன்று துளை சாக்கெட் வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று.

வாங்கினார்கள். ஒருவர் பாலக்கோட்டில், ஒருவர் ஓசூரில், ஒருவர் சந்தையில் பழசாக. பாலக்கோட்டுத் துளை ஒல்லி, ஓசூர்த் துளை தடிமன். முன்பாவது இரண்டு இடத்தில் பிளக் நுழைவது போல ஆசை காட்டும். இப்போது அதுவும் போயிற்று.

"வேலைக்கு வரும்போது வேட்டி வேணாம் மச்சான். டவுசருதான் சௌகரியம்," என்றான் அல்போன்ஸ்.

சின்னப்பராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் தானே தர்மபுரிக்குப் போய், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து ஐந்து சாக்கெட்டும் வாங்கி வந்து தன் கையாலேயே மாட்டினான். கோயில் சுவரில் விதிகளையும் எழுதி ஒட்டினான். கப்பல் நின்ற பிறகே பிளக்கைச் செருக வேண்டும். பிளக்கை எடுத்த பிறகே கப்பல் கிளம்ப வேண்டும். கரையில் உள்ளவர்கள் கப்பலில் உள்ளவர்களோடு சண்டை போடக்கூடாது.

அதோடு நின்றானா? கரண்டுதான் தாராளமாகக் கிடைக்கப்போகிறதே என்று கப்பலின் கொடிமரத்தை மூன்று முழம் உயர்த்தி, அதிலும் சீரியல் பல்பு சுற்றினான்.

திருவிழாவுக்கு முதல் நாள் சாமியார் கேட்டார்: "கரண்டு ஆபீசுக்கு வருஷா வருஷம் குடுக்கற மனுவைக் குடுத்துட்டியா?"

"லைன்மேன் மாது கையிலயே குடுத்துட்டேங்க சாமி. படிக்கத்தான் நேரமில்ல. ஆனா தேதி, நேரத்துக்குக் கீழ செவப்பு மையில அடிக்கோடு போட்டுட்டேன்."

அன்று மாலை பெரிய பல்பு ஒன்றை எடுத்துக்கொண்டு ஐந்து கரைக்கும் போனான். ஐந்திலும் எரிந்தது. ஜனம் கைதட்டியது. அல்போன்ஸ் மட்டும் வெற்றிலை போட்டான்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் கப்பல் புறப்பட்டது. வழக்கம்போல வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு ஜனம் பின்னால் நடந்தது. ரோசம்மா வீட்டு முன்னால் கப்பல் நின்றது. பிளக் வெண்ணெயில் போவது போலப் போனது.

"மரியே வாழ்க!" என்று கூவி சுவிட்சைப் போட்டான்.

கப்பல் இருட்டாகவே நின்றது.

பியூஸைப் பார்த்தான். ஒயரைப் பார்த்தான். மாதாவைப் பார்த்தான்.

"என் ரெண்டு துளையே நல்லாருந்துச்சு," என்றாள் ரோசம்மா.

ராயம்மாள் வீட்டிலும் பிளக் பொருந்தியது, எரியவில்லை. வாத்தியார் வீட்டில் பொருந்தியது. டீக்கடையில் பொருந்தியது. இவ்வளவு அழகாகப் பொருந்தி எந்த ஊரிலும் எந்தப் பிளக்கும் எரியாமல் இருந்ததில்லை.

"காலைல ஆறு மணிக்கு வந்துரு மச்சான்," என்றான் அல்போன்ஸ். ராஜமேரி அண்ணனையும் முறைத்தாள், புருஷனையும் முறைத்தாள்.

தீர்த்தகிரியின் கொட்டாயிலும் இருட்டு. அங்கே லைன்மேன் மாது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்தியோடு நின்றிருந்தார். சின்னப்பராஜ் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாதண்ணே, லைன்ல ஏதோ கோளாறு! என் மானமே போவுது, கொஞ்சம் பாருங்க!"

மாது கும்பிட்ட கையை இறக்கிவிட்டுச் சொன்னார்:

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தேரு ஒசரம், ஒயர்ல ஒரசிடும், கோயிலுக்குத் திரும்பற வரைக்கும் ஊருக்கே கரண்ட நிறுத்துங்கன்னு வருஷா வருஷம் வர்ற மனுதானே, இந்தத் தடவ நீங்களே செவப்பு மையில அடிக்கோடு போட்டுக் குடுத்தீங்க?"