எதிர்ப்பக்கம் காட்டிய அம்பு

"சோப்பு எடுக்கப் போனேன்மா. உன் அம்பு என்னைக் கக்கூஸ் வாசல்ல கொண்டுபோய் நிறுத்திடுச்சு" என்றார் மேனேஜர்.

அவர் அந்தக் கிடங்குக்கு மாற்றலாகி வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் கத்தல். புரோகிராமருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

தள்ளுவண்டியின் கைப்பிடியில் சின்னத் திரை ஒன்று இருக்கும். எடுக்க வேண்டிய சரக்கு எந்த அலமாரியில் இருக்கிறதோ, அந்தப் பக்கம் திரையில் ஓர் அம்பு திரும்ப வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதியவன் என்றோ வேலையை விட்டுப் போய்விட்டான். திட்டு மட்டும் இவளுக்கு.

புரோகிராமைத் திறந்தாள். வண்டியிலிருந்து அலமாரிக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின் கோணம் வேண்டும். பள்ளிக்கூடத்து சைன், காஸ், டேன் கணக்கு. அதில்கூட அந்த மகானுபாவன் அலமாரி இருக்கும் இடத்திலிருந்து வண்டி நிற்கும் இடத்தைக் கழிக்காமல், மாற்றிக் கழித்து வைத்திருந்தான். அம்பு நேர் எதிர்ப்பக்கம் திரும்பியது.

"இவனையெல்லாம் யாரு வேலைக்கு எடுத்தது?" என்று பல்லைக் கடித்தபடி இரண்டே நிமிடத்தில் சரிசெய்தாள்.

அரை மணி நேரத்தில் போன்.

"என்னம்மா பண்ணினே? காலையில நான் ஒருத்தன்தான் வழி தவறினேன். இப்ப மொத்தக் கிடங்கும் வழி தவறி நிக்குது."

"கணக்கு சரியா இருக்கு சார்."

"பால் பவுடர் கேட்டா பெயின்ட் வருது. கணக்கை நீயே வச்சுக்கோ."

கோணம் ரேடியனில் வருகிறதோ, திரை டிகிரியில் கேட்கிறதோ? ஆத்திரத்தில் அவள் சரிபார்க்கவில்லை. ரேடியனை டிகிரியாக்க ஐம்பத்தேழால் பெருக்கிவிட்டாள். ஏற்கெனவே ஒருமுறை பெருக்கித்தான் இருந்தது. வண்டி ஓரடி நகர்ந்தால் போதும், அம்பு பம்பரமாய்ச் சுற்றியது. இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டு ஷாம்பு பாட்டில்கள் உடைந்தன. ஓடி வந்த மேனேஜர் வழுக்கி விழுந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே போன் போட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

தான் சேர்த்த பெருக்கலை நீக்கினாள். காகிதத்தில் ஒரு கோடு போட்டாள். குறுக்கே நான்கு, மேலே மூன்று. கோணமானியை வைத்துப் பார்த்தாள். முப்பத்தேழு டிகிரி. புரோகிராமும் அதையே சொன்னது. நம்பிக்கை வராமல் தானே ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு கிடங்குக்குள் போனாள். பிரஷ், துண்டு, ஆணி. மூன்றுக்கும் அம்பு அலமாரியின் முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தியது.

அப்படியானால் இவ்வளவு நேரம் யார் மேல் தப்பு?

பக்கத்து வரிசையில் சரக்கு எடுக்கும் ஓர் அக்கா வண்டியோடு வந்தார். திரையைப் பார்த்தார். சட்டென்று வண்டியைத் திருப்பி, வந்த வழியே தள்ள ஆரம்பித்தார்.

"நில்லுங்கக்கா. அம்பு எந்தப் பக்கம் காட்டுது?"

"முன்னாடி."

"அப்புறம் ஏன் பின்னாடி போறீங்க? கண்ணை வீட்ல வச்சுட்டு வந்தீங்களா? உங்களால என் வேலை போகப் போகுது."

அக்கா சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். அது காட்டுறதுக்கு நேர் எதிரே போய்த்தான் மூணு வருஷமா ஒரு பொருள்கூடத் தப்பாம எடுத்துக்கிட்டிருந்தோம். இன்னைக்குக் காலையிலேருந்துதான் அதுக்கு என்னவோ ஆயிடுச்சு."