பன்னிரண்டு முழு டின்கள்

என் வாழ்நாளில் ஒரே ஒரு கலைப்பொருளைத்தான் கையால் தொட்டிருக்கிறேன். அதில் இருபத்து நான்கு ஓட்டைகள் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். பார்ப்பவர்கள் என்னைப் பெரிய ரசிகை என்று நினைத்துக்கொள்வார்கள். என் கணவர் மட்டும் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பார்.

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் மாமா சவரிமுத்துவின் மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று டின்களில் ஓட்டை போடுவதுதான் என் உத்தியோகம். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அதுதான் வேலை. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று சர்க்கார் போட்ட சட்டம் அது. பால் டின்னோ சாடின் மீன் டின்னோ, கடையை விட்டு முழுதாக வெளியே போகக் கூடாது. ஓட்டை போட்டு விற்றால் ஒரு நாளைக்குமேல் வைத்திருக்க முடியாது, கெட்டுப்போகும். ஆணியை வைத்து ஒரு தட்டு, எதிர்ப் பக்கத்தில் இன்னொரு தட்டு. கண்ணை மூடிக்கொண்டே போடுவேன்.

ஒரு தடவை மாமா அவசரத்தில் ஒரு பால் டின்னை ஓட்டை போடாமல் கொடுத்துவிட்டார். வாசலிலேயே பிடித்துவிட்டார்கள். ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்து அனுப்பினார்கள். திரும்பி வந்த மனிதர் அன்று சோறு தின்னவில்லை. அதற்குப் பிறகு கடைக்கு வெளியே முழு டின்னைக் கண்டாலே என் கை ஆணியைத் தேடும்.

அந்த வயதில் எனக்கு ஒரே ஆசை, டீச்சராக வேண்டும் என்பது. மிஷன் பள்ளியில் படித்திருந்தேன், பயிற்சிக்கு மனுவும் போட்டிருந்தேன். ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரிய இடத்திலிருந்து நற்சான்றுக் கடிதம் வேண்டும் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்த பெரிய இடம் ஒன்றே ஒன்றுதான், தொரைசானி. தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரின் மனைவி.

தொரைசானிக்குத் தமிழ் தெரியும். ஆனால் அது அவர் கணவரிடம் கற்றுக்கொண்ட தமிழ். அவரோ விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது கற்றுக்கொண்டவர். அதனால் அந்த அம்மாள் அன்பாகப் பேசினாலும் வேலைக்கு விரட்டுவது போலத்தான் இருக்கும்.

"பிலோமினா, நீ மியூசியம் வா. ஒரு வாரம். சம்பளம் இல்லே. அப்புறம் நான் கடுதாசி எழுதும்" என்றார்.

ஆற்றோரம் காலியாகக் கிடந்த கொப்பரைக் கிடங்கு ஒன்றை வாங்கி, சுண்ணாம்பு அடித்து, அதில் புதுமுறை ஓவியங்களுக்கு ஒரு மியூசியம் தொடங்கியிருந்தார் அவர். நன்றாக நடந்தால் நிரந்தரமாக வைப்பதாகத் திட்டம். நான் வாலண்டியர். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மாமாவுக்குப் புரியவில்லை.

"வாலண்டியர்னா துப்பாக்கி குடுத்து வேலியில நிக்க வைப்பானே, அதுவா?"

"இல்ல மாமா, படத்தைப் பாத்துக்கணும்."

"படம் எங்க ஓடிரப் போவுது? அதுக்கு ஒரு ஆளு, அதுவும் சம்பளமில்லாம. வெள்ளக்காரனுக்கு வேலையில்லலா" என்றார். ஆனாலும் கடிதம் என்றதும் பேசாமல் அனுப்பி வைத்தார்.

முதல் மூன்று நாள் படங்களை மாட்டும் வேலை. சுவர் முழுக்க நீலம், மஞ்சள், குறுக்கே ஒரு கோடு. (அந்தக் கோட்டைத் தலைகீழாக மாட்டி ஒரு முறை திட்டு வாங்கினேன். நேராக மாட்டியபோதும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.) தொரைசானி எனக்குப் போட்ட சட்டம் இரண்டே இரண்டு. ஒன்று, எதையும் தொடக் கூடாது. இரண்டு, யாராவது "இது என்ன" என்று கேட்டால் பதில் சொல்லக் கூடாது, "உங்களுக்கு என்ன தோணுது" என்று திருப்பிக் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எதுவும் தெரியாமலே அறிவாளியாக இருக்க இதைவிட நல்ல வழி நான் இன்றுவரை கண்டதில்லை.

திறப்பு விழா அன்று காலை நான்தான் முதலில் போய்க் கதவைத் திறந்தேன். பத்து மணிக்கு மாவட்ட அதிகாரி வருகிறார். அதற்கு முன்னால் போலீஸ் வந்து கிடங்கைச் சோதிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே குத்த வேண்டிய சிறு அட்டைகளைத் தொரைசானி முதல் நாளே என்னிடம் கட்டாகக் கொடுத்திருந்தார். முதலில் அட்டை, பிறகு பெருக்கல் என்றும் சொல்லியிருந்தார். நான் முதலில் பெருக்கினேன். கடைப்பழக்கம்.

பெருக்கிக்கொண்டே கடைசி மூலைக்குப் போனபோது அதைப் பார்த்தேன். முதல் நாள் சாயங்காலம் நான் போன பிறகு கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். முள்கம்பி சுற்றிய ஒரு மரத்தட்டு, கீழே வெள்ளைத் துணி, தட்டில் வரிசையாகப் பன்னிரண்டு டின்கள். ஆறு பால், ஆறு சாடின். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

முழுசாகப் பன்னிரண்டு. மாமாவை ஒரு டின்னுக்கு ஒரு பகல் உட்கார வைத்தார்கள். தொரைசானிக்குப் பாவம் சட்டம் தெரியாது, வீட்டில் சமையல்காரர்தானே டின் வாங்குகிறார். போலீஸ் வந்து இதைப் பார்த்தால் மியூசியம் போயிற்று, தொரைசானி போனார், என் கடிதமும் போயிற்று. சன்னல் வழியாகப் பார்த்தால் பாலத்தடியில் போலீஸ் ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது.

படம் மாட்டிய சுத்தியலும் ஆணியும் சன்னல் ஓரத்திலேயே இருந்தன. அதற்குப் பிறகு நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை, கைதான் வேலை செய்தது. தட்டு, திருப்பு, தட்டு. ஜீப் வாசலில் நிற்பதற்குள் பன்னிரண்டும் முடிந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகவும் சுத்தமாகவும் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, தொரைசானியைச் சிறையிலிருந்து காப்பாற்றிய பெருமையோடு நிமிர்ந்து நின்றேன்.

மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் உள்ளே வந்தார். நீலம், மஞ்சள் எல்லாவற்றையும் தாண்டி நேராக அந்த மூலைக்குத்தான் வந்தார். டின்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டார்.

"உங்களுக்கு என்ன தோணுது?" என்றேன்.

"சாடின்" என்றார் அவர்.

பிறகு ஒரு டின்னைத் தூக்கிப் பார்த்து, "அனுமதிக் கடிதத்தில் முழு டின் என்று இருந்தது. ஓட்டை போட்டிருக்கிறதே. நல்லது, நல்லது. சட்டப்படி இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனுமதிக் கடிதம் என்ற சொல் என் தலைக்குள் போய் உட்காரக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெதுவாகப் போய் அட்டைக் கட்டைப் பிரித்தேன். கடைசி அட்டையில் ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தது: "பன்னிரண்டு முழு டின்கள். காவல்துறையின் சிறப்பு அனுமதியுடன்."

நான் ஒரு காரியம் செய்தேன், அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வரும், அவமானமாகவும் இருக்கும். அந்த அட்டையைக் கொண்டுபோய் அதன் இடத்தில் ஒழுங்காகக் குத்தி வைத்தேன். (சொன்ன வேலையைச் செய்ய வேண்டுமல்லவா?) அதற்குள் பால் ஒழுக ஆரம்பித்திருந்தது. சாடினின் சிவப்புச் சாறு வெள்ளைத் துணியில் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைய கண்காட்சிக்கு முதலில் வந்த பார்வையாளர்கள் எறும்புகள்தான்.

தொரைசானியும் அந்த டின் தட்டைச் செய்த லிம்மும் சேர்ந்தே வந்தார்கள். லிம், உலு யாம் என்ற ஊரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற சீன இளைஞர். கூடவே அவர் அம்மாவும் வந்திருந்தார். கறுப்புக் கால்சட்டை போட்ட குள்ளமான அம்மாள். தொரைசானி ஒழுகுகிற டின்களைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க ஒரே மூச்சில் வந்தது. பெரட்டில் பாதி ஆள் வராவிட்டால் என்ன சொல்வார்களோ, அத்தனையும் வந்தது. கடைசியில், "கடுதாசி இல்லே. போ" என்றார்.

நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழத்தான் செய்தேன். போக மட்டும் கால் வரவில்லை.

லிம் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. டின்களின் முன்னால் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் மலாயில் கேட்டார்.

"கடையில் வேலை செய்றீங்களா?"

"ஆமாம்."

"ஏன் ரெண்டு ஓட்டை?"

"ஒண்ணு போட்டா உள்ளே காத்து போகாது, ஒழுகாது."

"சரி. ஏன் ஓட்டை?"

"சட்டம்."

"அது தெரியும். நீங்க எப்பவாவது ஏன்னு கேட்டிருக்கீங்களா?"

நான் கேட்டதில்லை. மூன்று வருடமாக ஒரு நாளைக்கு எத்தனையோ டின் என்று தட்டியிருக்கிறேன். ஓட்டை போட்ட பாலைக் கைக்குழந்தைக்கு மறுநாளைக்கு வைக்க முடியாது என்று தோட்டத்து லயத்து வீட்டுப் பெண்கள் என்னிடமே வந்து சொல்லியிருக்கிறார்கள். சட்டம்லா, நான் என்ன செய்ய, என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவ்வளவுதான்.

பிறகு லிம் விஷயத்தைச் சொன்னார். அவர் அம்மாவும் ஒரு காலத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அவர்களை வீட்டோடு கிளப்பி வேலி போட்ட புதுக் கம்பம் என்கிற குடியிருப்பில் குடியேற்றியபோது கடை போய்விட்டது. அதன் பிறகு அந்த அம்மாள் தனக்கென்று முழு டின் ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. தன் கடைத்தட்டில் வரிசையாக நின்ற மாதிரி ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அதற்காக லிம் ஐந்து மாதம் ஸ்டேஷனுக்கு நடந்து அந்த அனுமதியை வாங்கியிருக்கிறார். கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் அந்த அம்மாள் பார்த்திருப்பார்.

நான் அந்த அம்மாளை ஏறிட்டுப் பார்க்கவே பயந்தேன். அவரோ என்னைக் கவனிக்கவே இல்லை. ஒரு டின்னை எடுத்து, விரலால் ஓட்டையைத் தடவிப் பார்த்தார். பிசிறு இல்லை. இன்னொன்றை எடுத்தார், அதிலும் இல்லை. என் பக்கம் திரும்பி மலாயில், "நல்ல கை. அப்போ என் கடைப் பையன் போட்டா தகரம் கிழியும்" என்றார். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். என்னை யாரும் அதுவரை அப்படி அடித்ததில்லை.

பிறகு அவர்தான் எல்லோருக்கும் வேலை சொன்னார். ஓட்டை போட்டாயிற்று, வைத்தால் கெட்டுப்போகும், சாப்பிட்டுவிட வேண்டும். எதிர்ச் சாரிக் கோப்பிக் கடையிலிருந்து ரொட்டியும் வெறும் தேநீரும் வரவழைத்தார். பத்து மணிக்கு மாவட்ட அதிகாரி வந்தபோது கலைப்பொருளைச் சுற்றி நின்று நாங்கள் சாடின் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். அவருக்கும் ஒன்று கொடுத்தோம். தொரைசானி முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது டின் காலியாகிறவரை தள்ளியே நின்றார். மியூசியம் அந்த வாரத்தோடு சரி. அடுத்த மாதம் கிடங்கில் மறுபடி கொப்பரை வந்துவிட்டது.

கடிதம் வராது என்றுதான் இருந்தேன். ஆனால் நேர்முகத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் பங்களாவிலிருந்து ஒட்டிய உறை ஒன்று வந்தது. பிரிக்கக் கூடாது என்று மேலே எழுதியிருந்தது. நான் பிரிக்கவில்லை. (இதைச் சொல்லவும் வேண்டுமா?)

கோலாலம்பூரில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் உறையைப் பிரித்து உரக்கப் படித்தார். "இந்தப் பெண் நேர்மையானவர். ஒரு விதியைக் கொடுத்துவிட்டால், ஏன் என்று ஒருபோதும் கேட்காமல், யாரும் மேற்பார்க்காமலே, கடைசிவரை நிறைவேற்றுவார்."

தொரைசானி அதைக் கோபத்தில் எழுதினாரா, இரக்கத்தில் எழுதினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. மேசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். "இப்போதைய நிலைமைக்கு இப்படிப்பட்டவர்கள்தான் பள்ளிக்கூடத்துக்குத் தேவை" என்றார் நடுவில் இருந்தவர். எனக்குப் பயிற்சியில் இடம் கிடைத்தது. ஊருக்கு வரும் பஸ்ஸில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன், எனக்கு மட்டும் ஒன்றும் இனிக்கவில்லை.

அந்தக் கடிதத்துக்குப் பரிகாரம் போலத்தான் முப்பது வருடம் பாடம் நடத்தினேன். கேள்வி கேட்காத பிள்ளையை எழுப்பி நிற்க வைத்து, ஒரு "ஏன்" வாங்காமல் உட்கார விட்டதில்லை. தலைமையாசிரியர்கள் என் வகுப்பைச் சந்தைக்கடை என்றார்கள். வீட்டில் இந்தக் கதையை என் கணவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் என்று கணக்கே இல்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால்கூட, "தைரியமா குடுங்க டாக்டர், ஏன்னு கேக்க மாட்டா, லெட்டரே இருக்கு" என்பார்.

ஆனால் கதையை முடித்து வைத்தது என் மகள்தான். அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும் அவசரத்தில் ஏதோ சொன்னேன். ஏன் என்று கேட்டாள். மறுபடி சொன்னேன், மறுபடி கேட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் "ஏன்" கற்றுக் கொடுத்த டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் எதுக்குன்னு கேக்காம சொன்னதைச் செய்" என்று கத்தினேன்.

அவள் சொன்னதைச் செய்தாள். செய்துவிட்டு வந்து என் முன்னால் கையை நீட்டினாள்.

"செஞ்சிட்டேன்மா. லெட்டர் குடுங்க."