செண்பகாங்கி எழுந்திருக்கக் கூடாது

பிணம் மறுபடியும் தும்மியது.

"பாக்கியலக்ஷ்மி" என்றார் செல்லதுரை, மிகவும் பொறுமையாக. "நீங்க செத்துப் போயிட்டீங்க."

"எனக்குத் தெரியுது. மிளகுத் தூசிக்குத் தெரியல" என்றது பிணம், கண்ணைத் திறக்காமலே.

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ராசப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். மட்டாஞ்சேரியில் அந்த மிளகுக் கிடங்குக்கு அவன்தான் மேஸ்திரி. வாரம் முழுக்க மூட்டை ஏற்றி இறக்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒத்திகை பார்க்கவும் நாடகம் போடவும் முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். செத்துக் கிடந்தவள் அவனுடைய தங்கை. செத்தவளைத் திருத்திக்கொண்டிருந்தவர் அவனுக்கு மைத்துனராகப் போகிறவர். ஆகவே இரண்டு பக்கமும் அவன் வாயைத் திறக்க முடியாது.

பாக்கியலக்ஷ்மிக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர்ப்பக்கத்து மாப்பிள்ளைகள் "மலையாளத்துல வளர்ந்த பொண்ணு" என்று நழுவினார்கள். இங்கே இருக்கும் மலையாளிகளுக்கு அவள் பாண்டிக்காரி. பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சாயா போட்டே அவள் பாதி ஆயுள் போயிற்று என்று ராசப்பன் இரவில் படுக்கும்போதெல்லாம் நினைப்பான்.

அப்போதுதான் தென்காசிப் பக்கத்திலிருந்து செல்லதுரை வந்து சேர்ந்தார். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. படித்தவர், குடிக்காதவர். பெண்டாட்டி காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்த்து ராசப்பனும் துண்டைத் தேடுவான். நாடகம் முடிந்த மறு வாரம் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று.

இந்த ஆண்டு நாடகத்தை அவர்தான் நடத்தித் தர வேண்டும் என்று கேட்டதும் ராசப்பன்தான். கேட்டிருக்க வேண்டாம்.

மட்டாஞ்சேரித் தமிழர்கள் வருஷா வருஷம் போடுவது செண்பகாங்கி சரித்திரம். ராணி செண்பகாங்கி வீண்பழியால் உயிரை விடுவாள். ராஜா புலம்பிப் பாடுவார். உத்தரத்திலிருந்து கயிற்றில் சாமி இறங்கி "எழுந்திரு செண்பகாங்கி" என்று பாடுவார். அவள் எழுந்ததும் எல்லாரும் சேர்ந்து மங்களம் பாடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். தாத்தா காலத்திலிருந்து இதுதான். இதில் ஒரு தாளம் மாறினாலும் முன்வரிசைப் பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செல்லதுரை முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிட்டார். "சாமி கிடையாது. அவ எழுந்திருக்கவும் மாட்டா."

ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார்.

"நான் இந்த நாடகத்தை என் சொந்த அனுபவத்துலேருந்து பார்க்கிறேன்" என்று செல்லதுரை தரையைப் பார்த்தபடி பேசினார். "பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் நான். செத்தவ திரும்பி வரமாட்டா. வருவாங்கிற நினைப்பே மனுஷனைத் தூங்கவிடாது. அதை நாம சனங்களுக்கு எடுத்துச் சொல்லணும்."

ராசப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தத் துக்கத்துக்கு முன்னால் வழக்கமாவது மண்ணாவது என்று தோன்றியது.

தும்மல்தான் இப்போது துக்கத்தைக் கெடுத்தது. தூசி அடங்கட்டும் என்று ராசப்பன் தரையெங்கும் தண்ணீர் தெளித்தான். தூசி அடங்கியது. ஈரம் கீழ்வரிசை மூட்டைகளில் ஏறியது. மறுநாள் முழுக்க அத்தனை மிளகையும் முற்றத்தில் கொட்டிக் காயவைத்தான். காய்ந்த மிளகை அள்ளியபோது முன்னைவிட அதிகம் தூசி கிளம்பியது. அடுத்த ஒத்திகையில் பிணத்தோடு, ராஜாவாக நடித்த செல்லதுரையும் தும்மினார்.

இதற்கிடையில் தாய் ஆவுடையம்மாள் வேறு கிளம்பிவிட்டாள்.

"கல்யாணம் நிச்சயமான பொண்ணு மேடையில பொணமாப் படுத்தா, எழும்பி மங்களம் பாடிட்டுத்தான் இறங்கணும். எழும்பாமத் திரையைப் போட்டா எங்க குடி வெளங்குமா? நான் சம்மதிக்க மாட்டேன், பார்த்துக்கோ."

ராசப்பன் ஓர் இரவெல்லாம் யோசித்து வழி கண்டுபிடித்தான். சாகும் இடத்தில் விளக்கை அணைத்து, தங்கைக்குப் பதில் ஒரு சுக்கு மூட்டைக்கு ராணியின் உடுப்பைச் சுற்றிக் கிடத்திவிடுவது. மூட்டை தும்மாது. மூட்டைக்குக் கல்யாணமும் ஆக வேண்டியதில்லை.

செல்லதுரைக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. "மூட்டை நல்லது, மச்சான். நிச்சயமா எழுந்திருக்காது" என்றார்.

பிடிக்காதவர் பரீத் காக்கா. அதே கிடங்கில் எடை போடுபவர், ஆண்டுக்கு ஒரு நாள் நீலம் பூசிக்கொண்டு கயிற்றில் இறங்குபவர். அவர் இறங்குவதைப் பார்க்கவே இடப்பள்ளியிலிருந்து அவருடைய பீவியின் குடும்பம் முழுக்க வரும்.

"சாமி இல்லாட்டி நான் யாரு?" என்று மட்டும் கேட்டார். மனிதர் இரண்டு நாள் தராசைப் பார்த்து எடை சொல்லாமல் நின்றார்.

அவரைச் சமாதானப்படுத்த ராசப்பன் ஒரு வைத்தியர் வேஷத்தை நுழைத்தான். ராணியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, "உயிர் போய்விட்டது மன்னா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பரீத் காக்கா சுக்கு மூட்டையின் ஓரத்தை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"துடிக்குது" என்றார்.

"காக்கா, அது மூட்டை."

"என்ன செய்ய, ராசப்பா. இத்தனை வருசமா எழுப்பி எழுப்பிப் பழகிப் போச்சு. செத்துட்டான்னு சொல்ல நாக்கு வரல."

கல்யாணத்துக்கு முந்திய படையல் அந்த வாரம் வந்தது. தாலியோடு போன முதல் மனைவிக்குச் சேலை வைத்துப் படைத்து, அவள் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டுதான் இரண்டாம் தாலி ஏற வேண்டும். ஆவுடையம்மாள் வீட்டு வழக்கம் அது. சுள்ளிக்கல்லில் இருந்த அவர்கள் வீட்டில் வாழையிலை விரித்து, செல்லதுரையைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"மாப்பிள்ளை, அந்தப் புண்ணியவதிக்குப் பிடிச்ச பண்டம் எதுன்னு சொல்லுங்க, ஆக்கி வைக்கிறேன்."

செல்லதுரைக்கு வியர்த்தது. "ஒண்ணும் பிடிக்காது" என்றார்.

"பேராவது சொல்லுங்க, கூப்பிட்டுப் படைக்கணும்."

"அந்தப் பேரை மட்டும் சொல்லச் சொல்லாதீங்க, அத்தை." அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இலையில் கை வைக்காமலே, தலைவலி என்று கிளம்பியும் போனார்.

பாக்கியலக்ஷ்மி அழுதாள். முகம் தெரியாத ஒருத்திக்காக அவள் அவ்வளவு அழுவாள் என்று ராசப்பன் எதிர்பார்க்கவில்லை. தானே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்த கத்தரிப்பூ நிறச் சேலையை இலைக்கு முன்னால் வைத்து, "அக்கா, உங்க இடத்துக்கு வரேன். கோவிச்சுக்காதீங்க" என்று விழுந்து கும்பிட்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அந்த அக்காவுக்கு ஒரு விளக்கும் ஏற்றினாள்.

இப்படிப்பட்ட மனிதரின் பெயர் நோட்டீஸில் வராமல் போவதா என்று ராசப்பனுக்கு ஆற்றாமை. செல்லதுரை ஆரம்பத்திலேயே, "என் பேரு போடாதீங்க. கலைக்குப் பேரு எதுக்கு?" என்று தடுத்திருந்தார். அந்த அடக்கமே ராசப்பனைத் தூண்டியது. 'ராஜா வேஷம், புதுமை இயக்கம்: தென்காசி செல்லதுரை' என்று கொட்டை எழுத்தில் அடித்தான். ஆலுவா வரைக்கும் ஒட்டினான். அதோடு விடாமல், மிளகு ஏற்றிக்கொண்டு தென்காசிக்குப் போகும் லாரிகளின் பின்பலகையிலும் ஒட்டி அனுப்பினான். மாப்பிள்ளையின் பெருமை அவர் ஊருக்கும் தெரியட்டுமே.

ஒட்டிய லாரி ஒன்றைப் பார்த்து செல்லதுரை வெளிறிப் போனார். திட்டவில்லை. "நாடகம் ஆரம்பிச்சாக் கதவைச் சாத்திடணும், மச்சான். அப்புறம் யாரு வந்தாலும் உள்ள விடக் கூடாது. கவனம் கலைஞ்சிடும்" என்றார். எப்பேர்ப்பட்ட கலைஞர் என்று ராசப்பன் வியந்தான். கதவுக்குக் கிடங்குக் காவல்காரன் சிகாபுதீனை நிறுத்தினான். முதலாளியையே அடையாளச் சீட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பியவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கிடங்கு நிரம்பி வழிந்தது. இடப்பள்ளிக் குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ராணி செத்தாள், விளக்கு அணைந்து எரிந்தது, மூட்டை கிடந்தது. செல்லதுரை அதன் மேல் விழுந்து அழுதார். பாட்டு இல்லை, ஆர்மோனியம் இல்லை, ஒரு மனிதன் அழும் சத்தம் மட்டும். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். போன வருஷம் மனைவியைப் புதைத்த படகுக்காரர் ஒருவர் எழுந்து மூலைக்குப் போய் நின்றுகொண்டார்.

திரை விழுந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

சாமி வரவில்லையே. மங்களம் பாடவில்லையே. முன்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் மெதுவாகக் கேட்டது. "பரீதுக்கு மேலுக்கு சுகமில்லையா?"

வைத்தியர் உடுப்பில் ஓரமாக நின்ற பரீத் காக்காவுக்கு அது போதும். ராசப்பன் பிடிப்பதற்குள் ஏணியில் ஏறிவிட்டார். திரையைத் தூக்கு என்று மேலிருந்தே சைகை காட்டினார், கயிறு இழுப்பவனும் பழக்கத்தில் தூக்கிவிட்டான். தலைப்பாகையும் மருந்துப் பையுமாக சாமி ஆடி ஆடி இறங்கி, "எழுந்திரு செண்பகாங்கி" என்று பாடினார். ஆர்மோனியம் பாய்ந்து வந்து சேர்ந்துகொண்டது.

மூட்டை அசையவில்லை. பரீத் காக்கா மறுபடியும் பாடினார். அவருக்குக் குரல் உடைந்தது. முன்வரிசையில் யாரோ விம்மினார்கள்.

"போடி" என்று ஆவுடையம்மாள் மகளைப் பின்னாலிருந்து தள்ளினாள். ராணியின் உடுப்பு மூட்டை மேல் இருந்தது. பாக்கியலக்ஷ்மி, படையல் வைத்த அந்தக் கத்தரிப்பூச் சேலையோடு மேடைக்கு வந்து நின்றாள். கிடங்கு முழுவதும் கைதட்டியது.

செல்லதுரை நிமிர்ந்து பார்த்தார். மூட்டையை விட்டு, உட்கார்ந்தபடியே பின்னுக்கு நகர்ந்தார்.

"நீ வரக் கூடாது" என்றார். நடிப்புக் குரல் அல்ல அது. "செத்தவ செத்தவளாவே இருக்கணும். திரும்பி வந்தா என் கதி என்ன?"

கைதட்டல் அடங்கிவிட்டது. பாக்கியலக்ஷ்மி அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அழாதீங்க. அந்த அக்கா மனசார அனுப்பித்தான் வந்திருக்கேன். மங்களம் பாடலாம்" என்றாள். முதலில் ஒரு குரல், பிறகு பத்துக் குரல், பிறகு கிடங்கே பாடியது.

ராசப்பனுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. செத்துப்போன ஒருத்தியை இவ்வளவு நினைக்கிறவர், இருக்கிறவளை எப்படி வைத்துக்கொள்வார். தங்கையைக் கரை சேர்த்துவிட்டோம் என்று அன்றுதான் அவன் முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டான்.

சிகாபுதீன் வந்து அவன் சட்டையைத் தொட்டான்.

"ராசப்பண்ணே, கதவண்டை ஒரு சேச்சி வந்து நிக்குது. நோட்டீஸ் பார்த்துத் தென்காசியிலேர்ந்து லாரியில வந்துச்சாம், ராசா வேசம் போட்டிருக்கிறது அதோட வீட்டுக்காரராம். உள்ள விடட்டுமா?"