டிரைவர் தூங்கிப் போயி

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். அதற்கு எனக்கு வேண்டியிருந்தது அரைகுறை மலையாளமும் ஒரு கைபேசியும்தான். அவர் என்னை மன்னித்துவிட்டார். அதே காலையில் என் மகளுக்குச் செய்ததைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியன். மனைவி போன பிறகு மட்டாஞ்சேரியில் மகள் உமாவோடு வந்து சேர்ந்தேன். தமிழில் பேசிக் கடைசியில் ஒரு ‘ஆணு’ போட்டால் மலையாளம் ஆகிவிடும் என்பது என் கொள்கை. (மீன்காரரிடம் இரண்டு வருடம் இது செல்லுபடியாயிற்று. அவர் நல்ல மனிதர்.)

உமாவின் மடிக்கணினிக்கு ஒரு வியாதி. இணையம் ஒரு நிமிடம் அறுந்து திரும்பினால், வீட்டுக் கைபேசிகளெல்லாம் தாமாகப் பிடித்துக்கொள்ளும். இது மட்டும் வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். உள்ளே இருக்கும் நெட்வொர்க் கார்டை நடத்துவது ‘டிரைவர்’ என்கிற மென்பொருளாம். இணைப்பு போனதும் மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டு தூங்கிவிடுகிறது, பிறகு டிரைவரால் எழுந்திருக்க முடிவதில்லை. இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

அன்று பதினொரு மணிக்கு உமாவுக்கு இணையத்தில் நேர்காணல். இடப்பள்ளியில் ஒரு நிறுவனம், கணக்குப் பிரிவு, வீட்டிலிருந்தே வேலை. குழந்தைக்காக வேலையை விட்டவளுக்கு ஆறு வருடம் கழித்து வந்த முதல் அழைப்பு. குளிக்கப் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள்.

“அப்பா, நெட் போனா நானே ரீஸ்டார்ட் பண்ணிக்கறேன். நீங்க எதையும் தொடாதீங்க.”

“நான் ஏம்மா தொடப்போறேன்?”

குளியலறைக் கதவு சாத்தியதும் தொட்டேன். டிரைவரை ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்கினால் குணமாகும் என்று எங்கோ போட்டிருந்தது. நிறுத்தினேன், நின்றது. இயக்கினேன், பாதியில் உறைந்தது. கணினியையே அணைக்கப் பார்த்தேன். அணைகிறேன் அணைகிறேன் என்று சொல்லிக்கொண்டே அணையாமல் கிடந்தது. மணி பத்தே முக்கால்.

தோப்பும்படியில் கணினி பழுது பார்க்கும் பைஜுவைக் கூப்பிட்டேன். எங்கள் கீழ்த்தளத்தில் இருப்பவர் வர்கீஸ், வல்லார்பாடத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். வீட்டுக்கு அடையாளமே அவர் பெயர்தான். ஆகவே அந்த வீட்டிலிருந்து பேசுகிறேன் என்று தொடங்கி, என் மலையாளத்தில் இப்படிச் சொன்னேன்:

“டிரைவர் வர்கீஸின்டெ வீட்டில் நின்னு ஆணு. டிரைவர் தூங்கிப் போயி. விளிச்சிட்டும் எழும்பில்லா. வேகம் வரணும்.”

பைஜுவின் குரல் இறங்கிவிட்டது. “எப்போழா, சாரே?”

“இப்போ ஆணு. ஞான் ஆணு காரணம்.”

போனை வைத்துவிட்டார். இந்தக் காலத்தில் தொழிலில் இவ்வளவு அக்கறையா என்று மெச்சிக்கொண்டேன்.

உமா வந்து கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கைபேசியை மிளகு டப்பாவில் சாய்த்துவைத்து அதன் முன் உட்கார்ந்தாள். திரையில் மூன்று சதுரங்களில் மூன்று பேர். முதல் இரண்டு கேள்விக்கு அவள் பதில் சொன்ன அழகில், வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது படியில் ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் பைஜு. பின்னால், வழியில் கிடங்கு வாசலில் அவர் திரட்டிய சுமைத் தொழிலாளிகள் நான்கு பேர். உமாவின் தலைக்குப் பின்னால் முதலில் ஓர் ஏணி கடந்துபோயிற்று. அடுத்து ஒரு வெட்டுக்கத்தி.

“எவிடெயா ஆளு?” என்றார் பைஜு, மூச்சிரைக்க.

நான் மடிக்கணினியைக் காட்டினேன்.

சத்தம் கேட்டு, ஷிப்ட் முடிந்து படுத்திருந்த வர்கீஸும் துண்டைப் போர்த்திக்கொண்டு மேலே வந்தார். “ஆரா மரிச்சது?” என்று கடைசியில் நின்றவரிடம் கேட்டார்.

“நம்முடெ டிரைவர் வர்கீஸ். தூங்ஙி மரிச்சு, பாவம்,” என்றார் அவர், திரும்பாமலே.

“கர்த்தாவே,” என்று வர்கீஸ் சிலுவை போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் யோசித்தார்.

பைஜுவுக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. “சாரே, உறங்ஙி எந்நு பறயண்டே? தூங்ஙி எந்நால்...” மேலே மின்விசிறியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மலையாளத்தில் தூங்குவது என்றால் தொங்குவது; நாம் தூங்குவதை அவர்கள் உறங்குவது என்றுதான் சொல்வார்கள்.

“தமிழ்லயும் பழைய பொருள் அதுதான். தூங்கணாங்குருவின்னு சொல்றோமே, அதோட கூடு...” என்று ஆரம்பித்தேன். (முப்பது வருட வகுப்பறைப் பழக்கம்.)

“அப்பா,” என்றாள் உமா.

திரையில் மூன்று சதுரங்களும் போயிருந்தன.

பைஜு பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்துப் போட்டார். கார்டு தூங்கலாம் என்று அனுமதி கொடுக்கும் கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தார். இரண்டே நிமிட வேலை. அதற்குப் பிறகு அந்தக் கணினி ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. ‘வேறொருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம், அமைதியான வீட்டுச் சூழல் எங்களுக்கு முக்கியம்’ என்ற மின்னஞ்சல் அதில் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

“என்ன மன்னிச்சிரும்மா,” என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“சாப்பிடுங்கப்பா, ஆறிடும்,” என்றாள். அதற்குப் பிறகு வேறு அழைப்பு வரவில்லை.

வர்கீஸ் படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “ஞான் இப்போழும் உண்டு, சாரே,” என்று தகவல் தருகிறார். எங்கள் வீட்டில் இப்போது யாரும் தூங்குவதில்லை, அந்தச் சொல்லுக்குத் தடை. மதியத்தில் எனக்கு யாராவது போன் செய்தால் பேத்தி எடுத்து, “தாத்தா தூங்கல, உறங்குறாங்க,” என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்ப்பாள். உமா வாய்விட்டுச் சிரிப்பாள். பக்கத்து அறையில் நான் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருப்பேன்.