கரைமேல் ஏறிய அளவுக்கல்

நெடுங்கரை நாட்டில் ஓர் ஆறு ஓடியது. அதை அளக்க ஒரு கல்லும், அந்தக் கல்லைப் பார்த்துச் சொல்ல வேம்பாயி என்றொருத்தியும் இருந்தார்கள். கல்லில் பத்துக் கோடுகள். தண்ணீர் எட்டாம் கோட்டைத் தொட்டால் வேம்பாயி முரசடிப்பாள். ஓடக்காரர்கள் ஆட்களை ஏற்ற ஓடங்களை அவிழ்ப்பார்கள். பள்ளச்சேரி ஜனங்கள் ஆடுமாடுகளோடு பொன்மேட்டில் ஏறிக்கொள்வார்கள். தலைமுறைகளாக இதுதான் வழக்கம்.

புதிய மன்னரின் முடிசூட்டு விழாவன்று முரசு ஒலித்துத் தொலைத்தது. விருந்துக்கு வந்திருந்த வெளிநாட்டு அரசர்கள் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார்கள்.

மறுவாரம் நீரியல் அமைச்சர் குலோத்தமர் கரைக்கு வந்தார்.

"இந்த ஆறு ஏன் அடிக்கடி எட்டைத் தொடுகிறது?"

"மழை பெய்யுதுங்களே."

"மழையல்ல. கல் தாழ்வாக இருக்கிறது. ஆராய்ந்துவிட்டோம்."

கல்லைப் பிடுங்கி, ஐந்து கோட்டு உயரம் கரைமேல் ஏற்றி நட்டார்கள்.

"கல்லைத்தான் ஏத்துனீங்க சாமி, ஆத்தை எறக்கலியே! என் தங்கச்சி அஞ்சலை பள்ளச்சேரியில நெறமாசமா இருக்கா."

"இது விஞ்ஞானம், அம்மா. இதில் தங்கச்சிக்கு இடமில்லை."

மன்னரின் ஆட்சியில் வெள்ளம் ஒழிந்ததாகப் பறையறைவித்தார்கள். வெள்ளமில்லாத நாட்டில் மேடு எதற்கு? பொன்மேட்டைச் சுற்றி முள்வேலி போட்டு, மாளிகை கட்டிக்கொள்ளும்படி அமைச்சரின் மைத்துனருக்கு வழங்கினார்கள். கல் எட்டுக் காட்டாமல் முரசடிப்பது ராஜதுரோகம் என்று சட்டம் போட்டார்கள். இதில் ஒரு விசேஷம், அவர்களும் தங்கள் கல்லை நம்பிவிட்டார்கள். நீர்க்காற்று வாங்க, கரையோரத் தாழ்விலேயே புதிய சபாமண்டபம் கட்டிக்கொண்டார்கள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. பள்ளச்சேரி வாசற்படிகளில் தண்ணீர் ஏறியது. கல் மூன்று காட்டியது.

"எட்டு வரட்டும்க்கா, சட்டம்" என்று முரசை மறித்தான் காவலன் மாசாணம்.

"எட்டு வர்றதுக்குள்ள அஞ்சலை ஆத்தோட போயிருவாடா! தள்ளு!"

அடித்தாள். ஜனங்கள் ஓடிவந்து வேலியைக் கையால் பிய்த்தார்கள். அஞ்சலை மேடேறிவிட்டாள். பிய்த்து முடிகிறவரை நிற்க முடியாத மூன்று கிழவர்களை முள்ளோடு சேர்த்து ஆறு கொண்டுபோனது.

மறுநாளும் மழை நிற்கவில்லை. வேம்பாயியைக் கைகளைக் கட்டிச் சபாமண்டபத்தில் நிறுத்தினார்கள். சாட்சிப் பொருளாக முரசையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

"கல் மூன்று காட்டியது. ஆகவே வெள்ளமில்லை" என்றார் குலோத்தமர். "இல்லாத வெள்ளத்தில் மூவர் எப்படிச் சாவார்கள்? உன் முரசின் அதிர்ச்சியில் செத்தார்கள்."

"வேலி போட்டவன் எவன்னு கேக்க இந்தச் சபையில ஒரு வாயி இல்லியா?"

கதவிடுக்கு வழியாகத் தண்ணீர்தான் உள்ளே வந்தது. அமைச்சர் கால்களை முக்காலிமேல் தூக்கிக்கொண்டார்.

"கல் என்ன சொல்கிறது?"

"நாலு, பிரபு."

"அப்படியானால் தரை காய்ந்திருக்கிறது. தொடருங்கள்."

சபை முழுவதும் பவ்வியமாகக் கால்களைத் தூக்கிக்கொண்டது. தண்ணீர் இடுப்பளவு ஏறியபோது, மன்னர் சிம்மாசனத்தின்மேல் ஏறி நின்று அலறினார்:

"முரசை அடி, பெண்ணே! ஓடங்கள் வரட்டும்!"

மூலையில் மிதந்துகொண்டிருந்த முரசை வேம்பாயி பார்த்தாள். கட்டிய கைகளை மன்னருக்கு உயர்த்திக் காட்டினாள்.

"எங்க ஜனம் மேட்டுல இருக்கு, மகாராசா. நீங்க பொறுங்க. கல்லு எட்டுக் காட்டட்டும்."