மீன் வண்டிக்கு விலக்கு

காஞ்சிரப்பள்ளி குரியச்சனுக்கு ஒரு கொள்கை உண்டு. பேப்பரில் வராதது நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் செத்துப் போனாலும், மறுநாள் மரணச் செய்திப் பக்கத்தில் போட்டோவைப் பார்த்த பிறகுதான் கண் கலங்குவார். மனைவி மோளிக்குட்டியின் கையில் போனைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பொய் மூட்டை என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த மூட்டைக்குள் தாமே தலையை விட்டார். மறுநாள் மோளிக்குட்டியின் தம்பி பேபிச்சனின் புதுமனை புகுவிழா. குவைத் சம்பாத்தியத்தில் கட்டிய மாளிகை. போனால் 'அளியா' என்று மச்சான் முறை சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒவ்வொரு குளியலறையிலும் குழாயைத் திறந்து காட்டுவான். கடைசியில், "உங்க வீட்டுக்கு எப்ப வெள்ளையடிக்கப் போறீங்க அளியா?" என்று ஊர் கேட்க ஒரு கேள்வி போடுவான். மாட்டேன் என்று சொன்னாலோ, மோளிக்குட்டி கிறிஸ்துமஸ் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

ஊரே கதவடைக்கும் ஹர்த்தால் என்றால்? யார் என்ன சொல்ல முடியும்? ரப்பர் விலை பார்க்க மட்டும் வைத்திருந்த தன் போனில் குரியச்சன் தட்டித் தடவி எழுதினார். நாளை மாநிலம் முழுக்க ஹர்த்தால், வண்டிகள் ஓடாது. பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, மீன் வண்டிக்கு மட்டும் விலக்கு. முதல் மூன்றும் எல்லா ஹர்த்தாலிலும் உள்ளவைதான். நாலாவது அவர் சேர்த்தது. மீன் குழம்பு இல்லாத ஒரு நாளைப் பொய்யாகக்கூட அவரால் எழுத முடியவில்லை. 'கிடைத்த செய்தி' என்று தலைப்பு வைத்து, ரப்பர் வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

பால் விடாத கட்டஞ்சாயா ஆறுவதற்குள் அது கனடாவில் இருக்கும் மகள் வழியாக மோளிக்குட்டியின் போனுக்கு வந்து சேர்ந்தது. மீன் வண்டி வரியை மட்டும் அவள் இரண்டு தடவை படித்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். போனோடு உள்ளே போனாள். காரியம் பலித்தது என்று குரியச்சன் காலை ஆட்டிக்கொண்டார்.

சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனால் திருவிழாக் கூட்டம். அரிசி தீர்ந்துவிட்டது. கோட்டயம் ரோட்டில் கல்லெறிவார்களாம், தன் சித்தப்பா மகன் போலீஸில் இருக்கிறான், அவனே சொன்னான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். கேட்கக் கேட்கக் குரியச்சனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நிஜமாகவே ஹர்த்தாலோ? எதற்கும் இருக்கட்டும் என்று மரவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மோளிக்குட்டி தன் போனுக்கு வந்த குரல் செய்தியை ஓடவிட்டு மேஜைமேல் வைத்தாள். கரகரத்த குரல் ஒன்று பேசியது. "சைபர் செல்லுல இருந்து பேசறேன். புரளி கிளப்பினவன் ரப்பர் வியாபாரிங்க குழுவுல இருக்கான். விடிஞ்சதும் வீடு வீடா வர்றோம். ஆளைப் பிடிச்சு, போட்டோவோட பேப்பர்ல போடுவோம்."

குரியச்சன் ஓடிப்போய் வாசல் கதவைத் தாழிட்டார். ஜெயில்கூடப் பெரிதில்லை. பேப்பரில் வந்துவிட்டால் அது நடந்ததாகிவிடுமே!

"மோளீ, வெள்ளனவே கிளம்பி பேபிச்சன் வீட்டுக்குப் போயிடலாமா?"

"ஹர்த்தால் ஆச்சே இச்சாயா. கல்லு வந்து விழுந்தா?"

"ஹர்த்தாலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"யாரு சொன்னா?"

"எனக்குத் தெரியும்."

"பேப்பர்லயே இன்னும் வரலையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குரியச்சன் மரவள்ளிக்கிழங்கைத் தூக்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் நகர்ந்தார்.

"சரி, போலாம்," என்றாள் மோளிக்குட்டி. "உங்க போனை இப்படிக் குடுங்க. போலீஸ் கேட்டா என்னுதுன்னு சொல்லிக்கறேன்." இப்படி ஒரு உத்தமியை ஏமாற்றப் பார்த்தோமே என்று குரியச்சன் உருகிப்போய் போனைக் கொடுத்தார்.

காலையில் பேப்பர்கூடப் பார்க்காமல் புறப்பட்டார். வழியெல்லாம் பஸ்கள் ஜாம்ஜாமென்று ஓடின. காக்கிச் சட்டையைக் கண்ட இடத்திலெல்லாம் குனிந்துகொண்டார். பாதிரியார் வருவதற்கு முன்பே மாளிகைக்குப் போய்ச் சேர்ந்து, கேட்காமலேயே குழாய்களைத் திறந்து பார்த்துப் புகழ்ந்தார். ஈஸ்டருக்குள் வெள்ளையடிப்பதாக ஊர் கேட்க வாக்கும் கொடுத்தார்.

மதியம் பந்தியில் அவருக்குத் தனியாக நாற்காலி போட்ட பேபிச்சன், அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அதே கரகரத்த குரல்.

"சைபர் செல்லுல இருந்து பேசறேன். பயப்படாம உக்காருங்க அளியா, மீனுக்கு விலக்கு உண்டு."