விசா வேண்டாம், விதை நிதி கிடைத்துவிட்டது

சம்மாந்துறை,
24.02.2025

அன்பின் மச்சான் ஜவாத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் என் மனைவியான உங்கள் ராத்தா சுஹறாவும் நலம். தோஹாவில் தாங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு உறங்கி நலமாக இருக்க துஆச் செய்கிறோம். குரல் பதிவு அனுப்பினால் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாகத் தாங்களே ஒருமுறை சொன்னபடியால், அப்படி ஓடவிட முடியாதவாறு இதைக் கையால் எழுதி, லீவு முடிந்து வரும் அஸ்கி தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் கம்பனிக் களஞ்சியத்தில் எனக்காகப் பிடித்து வைத்திருக்கும் வேலை எனக்கு வேண்டாம். பெப்ரவரி முடிவதற்குள் என் கண்டுபிடிப்புக்கு எவரும் உதவி தராவிட்டால், அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டு விமானம் ஏறுகிறேன் என்று தங்களுக்கும் சுஹறாவுக்கும் வாக்குக் கொடுத்தேன் அல்லவா? மாதம் முடிய இன்னும் நாலு நாள் கிடக்கிறது, நிதி கிடைத்துவிட்டது! ஐம்பத்துமூன்று வயதில், பாஷை தெரியாத ஊரில், தனி அறையில் பருப்புக் காய்ச்சிக்கொண்டு கிடக்க வேண்டுமே என்று எவ்வளவு பயந்தேன் என்பதை இப்போது தைரியமாகச் சொல்லலாம். உங்கள் ராத்தாவுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. பயணப் பையைக்கூட வெயிலில் காயவைத்துத் தட்டி வைத்துவிட்டா.

போன வருடம் நெல்லை வெட்டி றோட்டோரம் காயப் போட்டுவிட்டு நான் தேநீர் குடிக்கப் போன பத்து நிமிடத்தில் மழை கொட்டி, ஒரு போகத்து நெல் முழுவதும் வடிகானுக்குள் போனது தங்களுக்குத் தெரியும். அன்று பிடித்ததுதான் இந்தப் பைத்தியம். ஆலையில் முப்பது வருடம் மிசின் பார்த்த கை சும்மா இருக்குமா? ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஈரத்தை அறியும் கருவியை வைத்து, மழைக்கு முந்திய காற்றுப் பட்டதும் சத்தம் போடும்படி செய்தேன். சத்தத்துக்கு, பாட்டுப் போட்டபடி முச்சக்கர வண்டியில் பாண், கேக் விற்கிறவன் கழித்துப்போட்ட ஒலிபெருக்கி. அவனுடைய பாட்டும் அதற்குள்ளேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை. முதல் பரிசோதனையில் வானம் கறுத்தது, பெட்டி பாண்காரன் பாட்டைப் பாடியது, வீதிச் சனமெல்லாம் வெளியே ஓடி வந்தது. ஒருவர் கையிலும் சாக்கு இல்லை, எல்லார் கையிலும் சில்லறை. "எங்க நானா பாண்?" என்று என்னைச் சுற்றி நின்றார்கள். நெல் நனைந்தது.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. எந்தச் சத்தத்துக்கு இந்த வீதி மறுபேச்சில்லாமல் ஓடும்? உங்கள் ராத்தாவின் சத்தத்துக்கு! அவ மீன் ஆய்ந்துகொண்டிருந்த நேரம் போனை நீட்டி, "மழ வந்தா என்ன சொல்லுவா?" என்றேன். "என்ன சொல்லுற? மழ வருகுது! நெல்ல அள்ளுங்க கா! வாயப் பாத்துக்கு நிக்காம அள்ளுங்க!" என்றா. அதை அப்படியே பெட்டிக்குள் ஏற்றினேன். அடுத்த மழைக்கு எங்கள் வீதியில் ஒரு மணி நெல் நனையவில்லை, மச்சான். பெட்டிக்கு நான் வைத்த பெயர் 'நளீர் மழைமணி'. ஊரார் வைத்தது 'சுஹறா'. "சுஹறா கத்திட்டா?" என்று விசாரித்துவிட்டுத்தான் இப்போது நெல்லையே பரப்புகிறார்கள்.

பிறகு நிதி தேடினேன். 'புத்தாக்க முயற்சிகளுக்கு விதை நிதி' என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. விதை என்றால் நம் ஊரில் வேறென்ன? விதைநெல்தான். கணினி வைத்திருக்கிற கொமினிகேசன் கடையில் இருந்து படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, எப்போது தருவார்கள் என்று கேட்க, விதைநெல் கொடுக்கிற கமநல சேவை நிலையத்துக்குப் போய் அரைநாள் வரிசையில் நின்றேன். அங்கே இருக்கிற கனகசிங்கம் ஐயா படிவத்தின் பிரதியைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "நளீர், இது விதைநெல்லுக் காசில்ல. புதுசா யாவாரம் தொடங்கிற ஆக்களுக்கு முதல் முதல் குடுக்கிற காசத்தான் இவனுகள் விதை எண்டு சொல்லுறானுகள்" என்றார். நான் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? 'வளர்ச்சிக் கட்டம்' என்ற இடத்தில் 'கதிர் வந்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். 'போட்டியாளர்கள்' என்ற இடத்தில் 'யானை, மயில், காட்டுப்பன்றி'. 'வெளியேறும் திட்டம்' என்ற இடத்தில் 'தெற்குப் பக்க வாய்க்கால்'. அனுப்பினதை இனித் திருத்த முடியாது என்று கொமினிகேசன்காரன் கையை விரித்துவிட்டான். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நிதிக்காரர்களே கூப்பிட்டார்கள்! யானையைப் போட்டியாளராக எழுதிய முதல் ஆள் நான்தானாம், நேரில் பார்க்க வேண்டுமாம்.

ஒரேயொரு சிக்கல். தொழில் நடக்கும் இடத்தின் உறுதிப் பத்திரம் வேண்டும் என்றார்கள். பெட்டி செய்வது வீட்டில். வீடோ உங்கள் வாப்பா சுஹறாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. நான் ஒரு சூட்கேசோடு வந்து ஏறிய மாப்பிள்ளை. ஆகவே விண்ணப்பத்தில் சுஹறாவின் பெயரையும் சேர்த்து, கையெழுத்துப் போட அவவையும் கூட்டிக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு மீன்காரம்மா ஐஸ் உருகி ஓடுகிற கூடையோடு வந்து இருந்தா. ஈரம் பட்டதுதான் தாமதம், மடியில் இருந்த பெட்டி "மழ வருகுது!" என்று அலற, பஸ் முழுவதும் படார் படாரென்று யன்னலைச் சாத்தியது. சாரதி வைப்பரைப் போட்டுவிட்டார். வெளியே பட்டப்பகல் வெயில். உங்கள் ராத்தா முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டா. காரைதீவுச் சந்தி தாண்டியதும் பெட்டி தானாகவே அடங்கிவிட்டது. என் கைவேலையின் அடக்கத்தைப் பாருங்கள்.

கல்முனையில் அவர்களுடைய மாடி மண்டபத்தில் பேச எனக்கு ஐந்து நிமிடம். சனத்துக்கு முதுகைக் காட்டி, நடுவர்களைப் பார்த்து நின்று, அஸ்ஸலாமு அலைக்கும் என்று மட்டும் இரண்டு தரம் சொன்னேன். நடுவர்களில் கஜேந்தினி என்ற ஒரு மிஸ், பாவம், எனக்கு உதவி செய்கிற எண்ணத்தில் "உங்கட பேர்ன் றேட் என்ன?" என்று கேட்டா. 'பேர்ன்' என்றால் எரிப்பதென்று எனக்குத் தெரியும். "நாங்க வைக்கல எரிக்கிறல்ல மிஸ், மாட்டுக்குக் குடுக்கிற" என்றேன். மாதம் எவ்வளவு காசு கரைகிறது என்பதைத்தான் அவ கேட்டாவாம். ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்துக்கொண்டார். களஞ்சியமும் பருப்புச் சட்டியும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. முடிந்தது என்று நினைத்த அந்த நொடியில், மச்சான், மண்டபம் அதிர்ந்தது! "மழ வருகுது! நெல்ல அள்ளுங்க கா! வாயப் பாத்துக்கு நிக்காம அள்ளுங்க!" நடுவர்கள் மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். கீழே றோட்டில் நெல் காயப் போட்டிருந்தவர்கள் மேலே பார்க்காமலே சாக்கை விரித்து அள்ளத் தொடங்கினார்கள். அள்ளி முடியவும் மழை சோவென்று கொட்டவும் சரியாக இருந்தது. மண்டபமே கைதட்டியது. சத்தம் எனக்கு முன்னாலிருந்த பெட்டியில் இருந்து போய், பின்சுவரில் பட்டு, என் முதுகுப் பக்கமாக வந்து கேட்டது. அந்த ஒலிபெருக்கியின் தரம் அப்படி.

அடுத்த சனிக்கிழமை நடுவர்களே எங்கள் வீதிக்கு வந்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மூன்று தரம் கத்தவைத்துக் கேட்டார்கள். ஒருமுறை கேட்ட ஆசை அடங்கவில்லைப் போலும். வியாழக்கிழமை கடிதம் வந்தது. உறுதி சுஹறாவின் பெயரில் இருக்கிற காரணத்தால் 'நிறுவுநர்: சுஹறா, தொழில்நுட்ப உதவியாளர்: நளீர்' என்று போட்டிருக்கிறார்கள். காகித நடைமுறைதானே, நான் பெரிதாக எடுக்கவில்லை. ஐம்பது பெட்டி செய்ய வேண்டும். ஆகவே மச்சான், கோபிக்காமல் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். என்னை நம்பாமல் சிரித்தவர்களில் தாங்களும் ஒருவர் என்பதை நான் மனதில் வைக்கவில்லை, இங்கே எழுதி மட்டும் வைக்கிறேன்.

தங்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும், கடிதத்தை நிதானமாக வாசிக்கும் பொறுமையையும் தருவானாக.

இப்படிக்கு, தங்கள் அன்பு மச்சான்,
நளீர்
(மழைமணியைக் கண்டுபிடித்தவர்)

பி.கு: தம்பி ஜவாத், இது ராத்தா எழுதிற. உன்ட மச்சான் கவர் வாங்கக் கடைக்குப் போயிட்டாரு, கெதியா எழுதிறன். பஸ்ஸில அந்தப் பெட்டி கத்தின கத்தில எனக்கு மானம் போயிட்டு. காரைதீவுச் சந்தியில அவரு யன்னலால பாத்துக்கு இருக்கக்குள்ள பற்றரியக் கழட்டி என்ட பேக்குக்குள்ள போட்டுட்டன். மறுகா போட மறந்துட்டன். மண்டபத்தில கத்தின நான்தான். பின்னுக்கு இருந்து யன்னலால பாத்தா, கீழ ஆர்ட நெல்லோ கிடக்குது, வானம் கறுத்துக்கு வருகுது. வாய் தானாக் கத்திட்டு. அண்டைக்கே அந்தக் கஜேந்தினி மிஸ்ஸுக்கிட்ட ஒண்டும் ஒளிக்காமச் சொல்லிட்டன். அவ கண்ணால தண்ணி வரச் சிரிச்சிட்டு, அப்ப பெட்டிய நேரில பாக்கணும் எண்டா. அதுக்குத்தான் சனிக்கிழம வந்த. அதுக்கு முந்தியே பற்றரிய அவருக்குத் தெரியாமத் திருப்பிப் போட்டுட்டன். மூணு தரமும் பெட்டி சரியாக் கத்திச்சு, அவர்ட வேலையில பொய்யில்ல. இத அவருக்கு மட்டும் சொல்லிராத.

அந்த விசாவயும் கிழிச்சுப் போடு. பையக் காய வெச்சது அவருக்குப் பயம் காட்டத்தான். அவரு இல்லாத வீட்டில நான் ஆரப் பாத்துக் கத்திற?